மின்சாரம் போன பின்னும் ஒலிக்க வேண்டிய சங்கு

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தின் முதல் புதன்கிழமையன்று பிற்பகல் 1.30 மணிக்கு சுவிட்சர்லாந்து முழுவதும் அபாயச் சங்குகள் ஒலிக்கின்றன. சீராக ஏறி இறங்கும் அந்த ஓலம் ஒரு நிமிட நேரம் நீடிக்கிறது. பெரும் அணைகளுக்குக் கீழே அமைந்துள்ள பள்ளத்தாக்குகளில் அதன் பின்னர் தாழ்ந்த சுருதியில் வேறோர் ஒலி, 20 விநாடிகள் வீதம் 12 முறை கேட்கிறது. பிரான்சின் பல நகரங்களில் மாதந்தோறும் முதல் புதன்கிழமை நண்பகலில் இத்தகைய சோதனை நடைபெறுகிறது. நார்வேயில் ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. சிங்கப்பூரில் பிப்ரவரி 15ஆம் தேதி மாலை 6.20 மணிக்கு, 1942இல் அந்நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்த நேரத்தை நினைவுகூரும் வகையில் சங்கொலி எழுப்பப்படுவது வழக்கம்.

இந்நாடுகளில் வாழும் தமிழர்களுக்கு இவ்வொலி நன்கு பழகிப்போன ஒன்று. தமிழகத்திலும் சங்கு புதியதல்ல. பல ஊர்களில் நகராட்சிச் சங்கும் ஆலைச் சங்கும் நீண்ட காலம் மக்களுக்கு நேரத்தை அறிவித்து வந்தன.

ஆனால் நேரம் சொல்லும் சங்குக்கும் அபாயம் சொல்லும் சங்குக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மின்வெட்டு ஏற்பட்ட நாளில் நேரச் சங்கு ஒலிக்காமல் போனால் எவருக்கும் பெரிய இழப்பில்லை. அபாயச் சங்கோ பெரும்பாலும் மின்சாரம் துண்டிக்கப்பட்ட வேளையில்தான் ஒலிக்க வேண்டியிருக்கிறது. புயல், வெள்ளம், நிலநடுக்கம், காட்டுத்தீ ஆகிய யாவும் முதலில் மின்கம்பிகளையும் தொலைபேசிக் கோபுரங்களையும்தான் தாக்குகின்றன. ஆகவே வெளியிலிருந்து எதுவும் வராத நிலையிலும் தானாக இயங்கக்கூடிய சைரனை அமைப்பது எப்படி என்பதே இத்துறைப் பொறியாளர்களின் முதன்மையான கேள்வியாக இருந்து வருகிறது.

கடைசி ஒரு கிலோமீட்டர்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சுமத்ரா அருகே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்ட பின்னர், ஆழிப்பேரலை இலங்கையின் கரையையும் தமிழகத்தின் கரையையும் அடைவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் பிடித்தது. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்து செல்வதற்கு அது போதுமான அவகாசமே. எனினும் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரும், தமிழகத்தில் சுமார் எட்டாயிரம் பேரும் உயிரிழந்தனர். நிலநடுக்கம் நிகழ்ந்ததை உலகின் பல மையங்கள் பதிவு செய்திருந்தன. ஆயினும் இந்தியப் பெருங்கடலுக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்போது இருக்கவில்லை. தகவல் கரைக்கு வந்திருந்தாலும்கூட, அதைக் கடற்கரையில் நின்றிருந்தவர்களின் காதுவரை கொண்டு சேர்க்கும் கருவி பெரும்பாலான ஊர்களில் இல்லை.

அதே நாளில் புதுச்சேரி அருகேயுள்ள நல்லவாடு என்ற மீனவ கிராமத்தில் நிகழ்ந்தது வேறு. சிங்கப்பூரில் பணிபுரிந்து வந்த அவ்வூரைச் சேர்ந்த ஒருவர், தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அங்கு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. கடல் நிலவரத்தை மீனவர்களுக்கு அன்றாடம் அறிவிப்பதற்காக அம்மையத்தில் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டிருந்தது. அந்த ஒலிபெருக்கி வழியாக எச்சரிக்கை ஊர் முழுவதும் பரப்பப்பட்டது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அவ்வூர் மக்கள் உரிய நேரத்தில் கரையை விட்டு விலகி உயிர் தப்பினர்.

பேரிடர் மேலாண்மைத் துறையினர் "கடைசிக் கட்டத் தகவல் தொடர்பு" என்று குறிப்பிடுவது இதைத்தான். செயற்கைக்கோள்களும் நில அதிர்வு மானிகளும் எவ்வளவு முன்னேறினாலும், எச்சரிக்கையின் கடைசி ஒரு கிலோமீட்டரைக் கடப்பதற்கு உரத்த ஒலி எழுப்பும் கருவி ஒன்று தேவைப்படுகிறது.

ஒலி எவ்வாறு உண்டாகிறது?

வெளிப்புற எச்சரிக்கைச் சைரன்கள் பெரும்பாலும் இரு வகைப்படும்.

முதலாவது, மின்மோட்டாரால் இயங்கும் இயந்திரச் சைரன். துளைகள் கொண்ட உருளை ஒன்று, அதேபோல் துளைகள் கொண்ட மற்றோர் உறைக்குள் மிக வேகமாகச் சுழல்கிறது. துளைகள் நேருக்கு நேர் வரும்போது காற்று வெளியே பாய்கிறது. விலகும்போது அடைபடுகிறது. காற்று இவ்வாறு விநாடிக்குப் பல நூறு முறை வெட்டப்படுவதால் ஒலி பிறக்கிறது. எட்டுத் துளைகள் கொண்ட உருளை நிமிடத்துக்கு 3,450 முறை சுழன்றால், விநாடிக்கு 460 அதிர்வுகள் கொண்ட ஒலி எழும். மோட்டாரின் வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். சைரனுக்கே உரிய அந்த ஏற்ற இறக்க ஓலம் இவ்வாறுதான் உண்டாகிறது.

இரண்டாவது, மின்னணுச் சைரன். இது உண்மையில் மிகவும் ஆற்றல் வாய்ந்த ஒலிபெருக்கியே. இதில் சுழலும் பாகங்கள் கிடையாது. ஓலத்தை எழுப்புவதோடு, "உயரமான இடத்துக்குச் செல்லுங்கள்" என்பது போன்ற வாய்மொழி அறிவிப்பையும் ஒலிபரப்ப முடியும் என்பது இதன் பெரும் நன்மை. ஆனால் தொலைவு கூடக்கூடப் பேச்சு எதிரொலியில் கலந்து தெளிவிழக்கிறது. ஓலம் எட்டும் தொலைவுக்குச் சொற்கள் எட்டுவதில்லை.

எந்த வகையாயினும், ஒலியை உண்டாக்குவதற்குச் சில நிமிட நேரத்துக்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சைரன்களின் வரலாறே அடங்கியிருக்கிறது.

பெட்ரோல், அழுத்தக் காற்று, பேட்டரி

பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனியில் பள்ளிகள், தீயணைப்பு நிலையங்கள், நகர மன்றங்கள் ஆகியவற்றின் கூரைகளில் "இ-57" என்ற வகைச் சைரன்கள் பல்லாயிரக்கணக்கில் பொருத்தப்பட்டன. அவற்றை இயக்கியது சுமார் 5 கிலோவாட் திறன் கொண்ட மும்முனை மின்மோட்டார். அதற்கான மின்சாரம் கட்டடத்தின் இணைப்பிலிருந்தே வந்தது. எளிமையான, நீண்டகாலம் உழைக்கும் கருவி அது. ஆனால் ஊரின் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

இந்தக் குறையை நீக்க வேறு நாடுகள் வேறு வழிகளைக் கையாண்டன. அமெரிக்காவில் 1950களில் கிரைஸ்லர் நிறுவனம் தயாரித்த சைரன், 180 குதிரைத்திறன் கொண்ட எட்டு சிலிண்டர் பெட்ரோல் இயந்திரத்தைத் தன்னுடனேயே கொண்டிருந்தது. 30 மீட்டர் தொலைவில் அதன் ஒலி 138 டெசிபல் அளவுக்கு இருந்தது. இதுவரை உருவாக்கப்பட்ட சைரன்களுள் மிகவும் உரத்தவற்றில் ஒன்றாக அது கருதப்படுகிறது. ஆனால் எரிபொருள் கெட்டுப்போவதும், குளிர்காலத்தில் இயந்திரம் கிளம்ப மறுப்பதும் இத்தகைய இயந்திரங்களுக்கு உரிய தொல்லைகள்.

ஸ்வீடனில் அழுத்தக் காற்றால் இயங்கும் ஊதுகுழல்கள் நிறுவப்பட்டன. தொட்டியில் முன்கூட்டியே அடைத்துவைத்த காற்றே ஒலியை எழுப்புவதால், அந்த வேளையில் பெரிய மின்மோட்டார் எதுவும் தேவையில்லை. "கரகரத்த தொண்டை ஃபிரெட்ரிக்" என்ற பொருளில் மக்கள் அதற்குச் செல்லப்பெயர் வைத்தனர். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் முதல் திங்கட்கிழமை பிற்பகல் 3 மணிக்கு அதன் சோதனை ஒலிக்கிறது.

இன்று புதிதாக நிறுவப்படும் சைரன்கள் பெரும்பாலும் பேட்டரியை நம்பியே அமைக்கப்படுகின்றன. பொதுவான ஏற்பாடு ஒன்றில், 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு தொடராக இணைக்கப்பட்டு 48 வோல்ட் மின்னழுத்தம் பெறப்படுகிறது. ஊரின் மின் இணைப்போ சூரிய மின்தகடோ அந்தப் பேட்டரிகளுக்கு மெதுவாக மின்னேற்றிக் கொண்டிருக்கிறது. சைரன் ஒலிக்கும்போது மின்சாரம் பேட்டரியிலிருந்து பெறப்படுகிறது. வெளி மின்சாரத்தின் பணி பேட்டரியை நிரப்பி வைத்திருப்பது மட்டுமே. எனவே அது சில மணி நேரமோ சில நாட்களோ தடைப்பட்டாலும் சைரனின் ஒலி குறைவதில்லை.

காத்திருப்பதற்கே அதிகச் செலவு

இந்த ஏற்பாட்டின் தன்மையை ஒரு சிறு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். ஒலிக்கும்போது 5 கிலோவாட் எடுத்துக்கொள்ளும் சைரன் ஒன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிட நேரம் சோதிக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதற்குச் செலவாகும் ஆற்றல் சுமார் 83 வாட்-மணி. ஆனால் சைரனின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வானலை வாங்கியும் கட்டளையை எதிர்பார்த்து இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். அவற்றுக்கு 5 வாட் மட்டுமே தேவை என்று கொண்டாலும், 30 நாட்களில் 3,600 வாட்-மணி செலவாகிறது. அதாவது, ஒலிப்பதற்கு ஆகும் ஆற்றலைப் போல் 40 மடங்குக்கும் மேலான ஆற்றல், காத்திருப்பதற்கே செலவாகிறது.

இதனால்தான் சிறிய சூரிய மின்தகடு ஒன்றே இவ்வளவு உரத்த கருவிக்குப் போதுமானதாகிறது. 80 வாட் தகடு ஒன்று நாளொன்றுக்கு நான்கரை மணி நேர நல்ல வெயிலில் சுமார் 360 வாட்-மணி தருகிறது. காத்திருப்புக்கான 120 வாட்-மணி போக எஞ்சுவது 240. மூன்று நிமிட அபாய ஒலிக்கு 250 வாட்-மணி செலவாகும். ஆகவே ஒருமுறை ஒலித்ததால் ஏற்பட்ட இழப்பைச் சுமார் ஒரு நாள் வெயில் ஈடுகட்டிவிடுகிறது.

நான்கு பேட்டரிகளும் தலா 100 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையவை என்றால், அவற்றில் மொத்தம் 4,800 வாட்-மணி சேமிக்கப்பட்டிருக்கும். அதில் பாதியை மட்டுமே நம்பினாலும், சைரன் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முழுத் திறனுடன் ஒலிக்க முடியும். அல்லது வெயிலோ மின்சாரமோ இல்லாமல் 20 நாட்கள் விழித்திருக்க முடியும்.

எல்லா இடங்களுக்கும் இக்கணக்கு பொருந்தாது என்பதையும் குறிப்பிட வேண்டும். வட நார்வேயின் குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் உதிப்பதே இல்லை. அங்கு மின் இணைப்பும் பேட்டரியும் சேர்ந்தே இயங்க வேண்டும். கடுங்குளிரில் பேட்டரியின் கொள்ளளவும் குறைகிறது. வெப்ப நாடுகளில் சிக்கல் வேறு. வழக்கமான ஈய-அமில பேட்டரிகள் 25 பாகை செல்சியஸுக்கு மேல் சுமார் 10 பாகை கூடினால் பாதி ஆயுளிலேயே முதுமையடைகின்றன. வெயிலில் நிற்கும் உலோகப் பெட்டிக்குள் வெப்பம் எவ்வளவு உயரும் என்பதை யாழ்ப்பாணத்திலோ நாகப்பட்டினத்திலோ வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரிகளை மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை என்றால், கம்பமும் குழலும் பார்வைக்கு நன்றாக இருந்தும் சைரன் ஊமையாகிவிடும்.

ஏன் அவ்வளவு உயரம்?

வெளிப்புறச் சைரன்கள் பொதுவாகச் சுமார் 15 மீட்டர் உயரக் கம்பங்களில் பொருத்தப்படுகின்றன. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, ஒலிக்குத் தடையில்லாத பாதை தேவை. கூரைகளும் மரங்களும் ஒலியை மறித்துவிடுகின்றன. இரண்டாவது, கீழே நிற்பவர்களின் செவிப்பறையைக் காக்க வேண்டும். தரையில் நிற்கும் எவருக்கும் ஒலி 123 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க அரசின் வழிகாட்டி நூல் வரையறுத்தது. உயரத்தில் வைத்தால் கம்பத்தின் அடியில் இருப்பவருக்கு ஒலி தணிந்து கேட்கிறது, தொலைவில் இருப்பவருக்கும் நன்கு எட்டுகிறது.

ஒலி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்தோறும் ஒலி 6 டெசிபல் குறைய வேண்டும் என்பது இயற்பியல். ஆனால் கட்டடங்கள், மரங்கள், காற்று ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு திட்டமிடும்போது 10 டெசிபல் குறைவதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. 30 மீட்டரில் 120 டெசிபல் தரும் சைரன், 60 மீட்டரில் 110 என்று தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து, 960 மீட்டரில் 70 டெசிபலாகிறது. அதற்கு மேல் தெருவின் இரைச்சலில் அது கரைந்துவிடக்கூடும். அதாவது ஒரு சைரனின் எல்லை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இந்த எல்லையை இரண்டு கிலோமீட்டராக நீட்டிக்க வேண்டுமானால் ஒலியின் ஆற்றலைப் பத்து மடங்காக்க வேண்டும். ஆகவே பேரொலி எழுப்பும் ஒரே சைரனைக் காட்டிலும், நடுத்தர அளவிலான பல சைரன்களை ஊர் முழுவதும் பரப்பி வைப்பதே பேட்டரியில் இயங்கும் அமைப்புக்கு ஏற்றது. அவற்றில் ஒன்று பழுதடைந்தாலும் மற்றவை ஒலிக்கும்.

கம்பத்தை நடுவதிலும் நெறிமுறைகள் உள்ளன. மரக்கம்பங்களுக்கு, மொத்த நீளத்தில் பத்தில் ஒரு பங்குடன் 60 சென்டிமீட்டர் சேர்த்து மண்ணில் புதைப்பது பொதுவான வழக்கம். 15 மீட்டர் கம்பத்துக்கு அது சுமார் 2.1 மீட்டர் ஆகிறது. கடற்கரை மணலில் அது போதாது, கான்கிரீட் அடித்தளம் தேவைப்படும். புயற்காற்றில் சைரன் குழலைவிடச் சூரிய மின்தகடே பாய்மரம் போல் காற்றைத் தாங்கிக் கம்பத்தை வளைக்கிறது. இடி தாக்காதிருக்க இடிதாங்கியும், மண்ணோடு இணைக்கும் கம்பியும் அவசியம். கடல் உப்பு, திருகாணி முதல் மின்முனை வரை அனைத்தையும் அரிக்கிறது.

இவற்றுள் மிகவும் சிக்கலான முடிவு, பேட்டரிப் பெட்டியை எந்த உயரத்தில் வைப்பது என்பதாகும். நான்கு பேட்டரிகளின் எடை நூறு கிலோவைத் தாண்டக்கூடும். தரையருகே வைத்தால் பராமரிப்பது எளிது. ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அதுவே, திருடர்களின் கைக்கு எட்டுவதும் அதுவே. உயரே வைத்தால் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதைச் சோதிப்பதற்கு ஏணியும் ஆளும் வண்டியும் வேண்டும். எட்டாத உயரத்தில் உள்ள பெட்டி அடிக்கடி திறந்து பார்க்கப்படுவதில்லை என்பது அனுபவம்.

2011 மார்ச் 11ஆம் தேதி ஜப்பானின் மினாமிசன்ரிக்கு நகரில் பேரிடர் தடுப்பு அலுவலகம் இயங்கிய மூன்று மாடிக் கட்டடத்தைச் சுனாமி முற்றிலும் மூழ்கடித்தது. அங்கிருந்து ஒலிபெருக்கி வழியாக மக்களை உயரமான இடங்களுக்குச் செல்லுமாறு தொடர்ந்து எச்சரித்துக்கொண்டிருந்த பெண் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அவரது அறிவிப்பைக் கேட்டுப் பலர் உயிர் தப்பினர். எச்சரிக்கும் கருவியும் அதை இயக்குபவரும் அபாயத்தின் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை அந்நிகழ்வு உலகுக்கு உணர்த்தியது.

கட்டளை எப்படிச் சேர்கிறது?

சொந்த மின்சாரமும் உறுதியான கம்பமும் இருந்தாலும், "ஒலி" என்ற கட்டளை வந்து சேராவிட்டால் பயனில்லை. தொலைபேசிக் கம்பி அறுந்துபோகும். அலைபேசி வலையமைப்பு நெரிசலில் திணறும். எனவே பெரும்பாலான அமைப்புகள் தனி வானலையையோ செயற்கைக்கோள் இணைப்பையோ பயன்படுத்துகின்றன.

இதிலும் ஆபத்து உண்டு. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னர், அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 156 சைரன்கள் காரணமின்றி ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. வெளியாள் ஒருவர் அனுப்பிய வானலைச் சமிக்ஞையே அதற்குக் காரணம் என்று நகர நிர்வாகம் அறிவித்தது. அவற்றை முழுமையாக அடக்குவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அச்சமடைந்த மக்களின் அழைப்புகளால் அவசர உதவித் தொலைபேசி சேவை திணறியது. சான் பிரான்சிஸ்கோ நகரம் செவ்வாய்க்கிழமைதோறும் நண்பகலில் ஒலித்துவந்த தனது 119 சைரன்களை, பாதுகாப்பை மேம்படுத்துவதற்காக 2019 டிசம்பரில் நிறுத்தி வைத்தது.

இருந்தும் ஒலிக்காத சங்குகள்

கருவி நலமாக இருந்தும் அது பயன்படாமல் போன நிகழ்வும் உண்டு. ஹவாய் மாநிலத்தில் சுமார் 400 சைரன்கள் உள்ளன. அவற்றுள் பல சூரிய ஒளியாலும் பேட்டரியாலும் இயங்குபவை. ஒவ்வொரு மாதத்தின் முதல் வேலை நாளிலும் முற்பகல் 11.45 மணிக்கு அவை சோதிக்கப்படுகின்றன. 2023 ஆகஸ்ட் 8ஆம் தேதி மவுயி தீவின் லஹைனா நகரைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது, அங்கு மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்தன. தன்னிறைவான சைரன்கள் உருவாக்கப்பட்டதே இத்தகைய சூழலுக்காகத்தான். ஆனால் அன்று அவை ஒலிக்கவிடப்படவில்லை.

அத்தீயில் 102 பேர் உயிரிழந்தனர். மவுயி அவசரகால மேலாண்மைத் துறையின் தலைவராக இருந்த ஹெர்மன் அண்டாயா தமது முடிவை நியாயப்படுத்தினார். அங்கு சைரன் என்றாலே மக்களுக்குச் சுனாமிதான் நினைவுக்கு வரும் என்றும், ஒலித்திருந்தால் அவர்கள் மலைப்பக்கமாக, அதாவது தீயை நோக்கியே சென்றிருப்பார்கள் என்றும் அவர் வாதிட்டார். எல்லா வகை அபாயங்களுக்கும் உரியது என்று அரசே அறிவித்திருந்த அமைப்பு குறித்து அவ்வாறு கூறப்பட்டது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அடுத்த நாள் அவர் பதவி விலகினார்.

அவரது வாதத்தை ஏற்பவர்கள் குறைவு. எனினும் அது ஓர் உண்மையான குறைபாட்டைச் சுட்டிக்காட்டுகிறது. ஒரே ஓலத்துக்குப் பல பொருள்கள் இருந்தால், எந்தப் பக்கம் ஓடுவது என்பது மக்களுக்குத் தெரியாது. சுவிட்சர்லாந்தில் அணை உடைப்புக்கென வேறு சுருதி வைக்கப்பட்டிருப்பதும், புதிய சைரன்களில் வாய்மொழி அறிவிப்பு வசதி கோரப்படுவதும் இதன் பொருட்டே.

கைவிடப்பட்டு மீண்டும் தேடப்படும் கருவி

பனிப்போர் முடிந்த பின்னர், 1990களில் ஜெர்மனியின் மத்திய அரசு சைரன் வலையமைப்பைக் கைவிட்டது. விரும்பிய உள்ளாட்சிகள் அவற்றை வைத்துக்கொண்டன, மற்றவை கழற்றிவிட்டன. 2020 செப்டம்பர் 10ஆம் தேதி நாடு தழுவிய எச்சரிக்கைச் சோதனை நடத்தப்பட்டபோது, அலைபேசிச் செயலிகள் வழியான தகவல் தாமதமாக வந்தது. பல நகரங்களில் ஒலிப்பதற்குச் சைரன்களே இருக்கவில்லை. சோதனை தோல்வியடைந்ததாக உள்துறை அமைச்சகமே ஒப்புக்கொண்டது.

அடுத்த ஆண்டு ஜூலை 14ஆம் தேதி இரவு, ஆர் நதிப் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்ட நிர்வாகத்தின் வெளியேற்ற அறிவிப்பு இரவு 11 மணிக்குப் பிறகே வந்தது. மின்சாரமும் அலைபேசியும் பல இடங்களில் செயலிழந்திருந்தன. அதன் பின்னர் சைரன்களை மீண்டும் நிறுவுவதற்காக மத்திய அரசு சுமார் 9 கோடி யூரோ ஒதுக்கியது. 2023இல் அலைபேசிகளுக்கு நேரடியாக எச்சரிக்கை அனுப்பும் முறையும் நடைமுறைக்கு வந்தது.

அலைபேசி வந்துவிட்ட பிறகு சைரன் எதற்கு என்ற கேள்வி இயல்பானதே. அலைபேசி எச்சரிக்கை விவரமாகச் சொல்லும், வீட்டுக்குள்ளும் வந்து சேரும். சைரன் ஒலியோ மூடிய சன்னல்களைத் தாண்டும்போது பெருமளவு குறைந்துவிடுகிறது. ஆனால் கடலில் குளிப்பவரிடமும் வயலில் நிற்பவரிடமும் உறங்குபவரிடமும் அலைபேசி எப்போதும் கையில் இருப்பதில்லை. அலைபேசிக் கோபுரம் விழுந்தால் அந்த எச்சரிக்கையும் நின்றுவிடும். ஒன்று தவறும் இடத்தில் மற்றொன்று எட்ட வேண்டும் என்பதால் இரண்டுமே தேவைப்படுகின்றன. 2018இல் தனது கரையோரத்தில் 122 சைரன் கோபுரங்களைத் தொடங்கிவைத்த இந்தியாவின் ஒடிசா மாநிலம், அடுத்த ஆண்டு ஃபானி புயலின்போது அவற்றை மட்டும் நம்பியிருக்கவில்லை. குறுஞ்செய்திகள், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள், பேருந்துகள், புயல் பாதுகாப்பு மையங்கள் ஆகிய அனைத்தும் ஒன்றாக இயங்கியதால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கரையோரத்திலும் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுப்பப்பட்டன. அவற்றுள் பல செயலிழந்துவிட்டதை 2020களில் அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். பேரிடர் நிகழ்ந்த உடனே கோபுரம் கட்டுவதற்கு நிதி கிடைக்கிறது. இருபதாண்டுகள் கழித்து பேட்டரி மாற்றுவதற்கும் உதிரிப்பாகம் வாங்குவதற்கும் நிதி கேட்டால், அதன் அவசரம் எவருக்கும் புலப்படுவதில்லை. இந்நிலை எந்த ஒரு நாட்டுக்கும் மட்டும் உரியதன்று.

சோதனை ஒலியின் பயன்

இந்த இடத்தில்தான் தொல்லையாகத் தோன்றும் அந்தச் சோதனை ஓலத்தின் முக்கியத்துவம் விளங்குகிறது. பழுதான பேட்டரியும் ஓய்வில் இருக்கும்போது சரியான மின்னழுத்தத்தையே காட்டக்கூடும். நூறு ஆம்பியர் மின்சாரம் ஒரேயடியாகக் கேட்கப்படும்போதுதான் அது சரிந்துவிழும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வானலை வழியே "நலமா?" என்று கேட்டால், சைரனின் மின்னணுப் பகுதி "நலம்" என்றே பதில் அனுப்பும். முழு ஒலியுடன் சோதிக்கும்போதுதான் பேட்டரி, மோட்டார், குழல், கம்பி ஆகிய யாவும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. அதோடு, ஒலி தங்கள் தெருவரை எட்டுகிறதா என்பதை மக்களும் அறிந்துகொள்கின்றனர்.

ஆகவே குறித்த நாளில், குறித்த நேரத்தில் உங்கள் பகுதியின் சங்கு ஒலிக்கவில்லை என்றால், அல்லது வழக்கத்தைவிட நலிந்து ஒலித்தால், அதை உள்ளாட்சி நிர்வாகத்துக்குத் தெரிவிப்பது பயனுள்ள செயல். சோதனை நாள் அல்லாத நேரத்தில் ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறுபடும். சுவிட்சர்லாந்தில் வானொலியைக் கேட்க வேண்டும் என்பது பொது விதி. அணைக்குக் கீழே வாழ்பவர்களும் கடற்கரையில் இருப்பவர்களும் உடனடியாக மேட்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டும். உள்ளூர் மொழியை இன்னும் கற்றுக்கொள்ளாத முதியவர்கள் வீட்டில் இருந்தால், அடுத்த சோதனை நாளுக்கு முன்பே அவர்களுக்கு இதைத் தமிழில் விளக்கி வைப்பது நல்லது.